வலப்பக்கத்துக் கீறல்

என் இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும். அதற்கு மேல் அதை நான் தொந்தரவு செய்வதில்லை. சின்ன வயதில் அம்மை போட்டு இறங்கியபோது அது தன் வேலையை அந்த அளவோடு முடித்துக்கொண்டது. படித்த புத்தகங்கள், எழுதிய பரீட்சைகள், பெண் பார்க்கப் போன வீட்டில் பெண், எல்லாம் வலது கண் ஒன்றே பார்த்து முடிவு செய்தவை. அவற்றில் கடைசி முடிவு மட்டும் சரியானது என்று என் மனைவி சொல்வாள்.

இப்படிப்பட்டவனுக்குச் சிவகாசி அச்சகம் ஒன்றில் வண்ணம் பார்க்கும் வேலை. பட்டாசுக் கட்டுகளுக்கும் தீப்பெட்டிகளுக்கும் ஒட்டுகிற லேபிள்களை அச்சடிக்கும் இடம் அது. கிளியின் பச்சை போன வருடத்துக் கிளியின் பச்சைதானா, லட்சுமியின் சேலை சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டதா என்று சொல்வது என் பொறுப்பு. சொன்ன பிறகு, அடித்த மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு பட்டாசு ஆபீஸ்களுக்கு, எங்கள் ஊரில் பட்டாசுத் தொழிற்சாலைக்கு அதுதான் பேர், போய் மேனேஜர்களிடம் காட்டி, கையெழுத்து வாங்கி வர வேண்டும். கையெழுத்து வந்தால்தான் மிஷின் ஓடும். எனக்கு ஒரு கண்தான் என்பதை முதலாளியிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவன், அறுபதுகள் வந்த பிறகும் அதைச் சொல்லச் சரியான சந்தர்ப்பத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் சுற்றுவதற்கு முதலாளி ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார். உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தார் ஏலம் விட்டதில் மதுரையிலிருந்து வந்த வண்டி. அதோடு கூடவே ஒரு தொப்பியும் வந்தது. இரும்புத் தொப்பி என்று ஊரில் பேர். உண்மையில் அது கெட்டித் தோலும் கார்க்குமாகச் செய்தது. அதன் முன்விளிம்பில் மூன்று பொத்தான்கள். பொத்தான்களில் மாட்டினால், மூக்கு வரைக்கும் தொங்குகிற வளைந்த செல்லுலாய்டுத் தகடு ஒன்று. அதைத்தான் கண்ணாடி என்போம். என் வீடு இருந்த விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி வரைக்கும் அந்தக் காலத்தில் தொப்பி போட்டு வண்டி ஓட்டிய ஆள் நான் ஒருவன்தான். சண்டை இன்னும் முடியவில்லையா என்று டீக்கடைகளில் கேட்பார்கள். வீரத்துக்காக நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கரிசல் காட்டுப் புழுதிக்குப் பயந்து போட்டுக்கொண்டேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு பங்குனி மாதத்தில் தொப்பியை வீட்டில் மறந்துவிட்டுப் போன ஒரே நாளில், வலது கண்ணில் மணல் விழுந்து நான் அதைக் கசக்கியும் தொலைத்தேன். கருவிழியில் கீறல். பத்து நாள் கண்ணைக் கட்டிவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் உலகத்தை இடது கண்ணின் பொறுப்பில் விட்டேன். அது ஜன்னல் இருக்கும் திசையைச் சொன்னது. மற்றபடி மனைவிதான் சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தாள், பேப்பரைத் தலைப்பு விடாமல் வாசித்தாள், வரி விளம்பரம் உட்பட. கட்டை அவிழ்த்த மதுரை டாக்டர் என் நல்ல கண்ணையும் மற்றதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இது ஓரத்துல பட்டதால தப்பிச்சீங்க. இன்னொரு தடவை நடுவுல பட்டா தழும்பு நின்னுடும். அப்புறம் ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி ஆயிடும்."

அன்றிலிருந்து அந்தச் செல்லுலாய்டுத் தகட்டைத் தாலி மாதிரி பாதுகாத்தேன். பாதுகாத்ததாக நினைத்தேன்.

தகட்டைக் கெடுத்தது மரியாதை. சாத்தூர் ரோட்டில் எங்கள் பெரிய பார்ட்டியின் பட்டாசு ஆபீஸ் இருந்தது. மருந்தில் பொறி விழுந்துவிடக் கூடாது என்று, அங்கே வாசலுக்கு வெகு தூரத்திலேயே இன்ஜினை நிறுத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் விட வேண்டும். சாவி, சீப்பு, ஆணி அடித்த செருப்பு எல்லாவற்றையும் வாட்ச்மேனிடம் ஒப்படைக்க வேண்டும். என் தொப்பியையும் அவரே வாங்கிக்கொள்வார். வாங்கியதும் சும்மா வைக்கமாட்டார். இடது கையில் அதைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, தோளில் கிடக்கும் துண்டால் கண்ணாடியைத் துடைப்பார். அந்தத் துண்டால்தான் அவர் முகம் துடைப்பார், பெஞ்சைத் தட்டுவார், லாரி டிரைவர் உட்காரும் இடத்தைப் பெருக்குவார். அதில் இருந்த மணலுக்கு நில வரி போட்டிருக்கலாம். அழுத்தி, வட்டம் வட்டமாக, எப்போதும் ஒரே பக்கம் துடைப்பார். அது என் வலது கண்ணுக்கு நேரான பக்கம்.

"பளிச்சுன்னு ஆக்கிட்டேன் சார். இப்பப் பாருங்க, சாத்தூர் கோபுரமே தெரியும்" என்பார்.

நான் நன்றி சொல்வேன். வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று வருடம் நன்றி சொன்னேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. கறுத்து மெலிந்த அந்த மனிதர் நாள் முழுக்க வாசலில் நின்று, மற்றவர்களிடமிருந்து பொருளைப் பிடுங்கி வைக்கிற வேலை செய்பவர். பதிலுக்கு அவர் கொடுக்கக் கூடியது அந்தத் துடைப்பு ஒன்றுதான். அதை எப்படி மறுப்பது? இப்படி யோசித்து யோசித்தே என் வாழ்க்கையில் பல காரியங்கள் கெட்டிருக்கின்றன.

ஆனி பிறந்தபோது, கண்ணாடியின் வலது பாதி சிலந்தி வலை ஆகியிருந்தது. மாலையில் விருதுநகர் திரும்பும்போது, எதிரே வரும் ஒரு மாட்டு வண்டி மூன்றாகத் தெரியும். மூன்றில் எது உண்மையான மாடு என்று தீர்மானிப்பதற்குள் வண்டிக்காரர் தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். இடது பாதியோ அப்பழுக்கில்லாமல் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கத்தான் ஆள் இல்லை.

முதலாளியிடம் போய், வேறு கண்ணாடி மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றேன். அவர் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னய்யா, ஒடஞ்சா போச்சு? கீறல்தான விழுந்திருக்கு."

"ரொம்பக் கீறல், முதலாளி."

"வலப்பக்கம் மட்டுந்தான் இருக்கு. இடப்பக்கம் சும்மா தண்ணி மாதிரியில்ல இருக்கு. அங்கன கூடிப் பாத்து ஓட்டும்."

அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் வேலை போகும். தகட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பல்பொடி போட்டுத் தேய்த்தேன். சாம்பல், எலுமிச்சம்பழத் தோல், தேங்காய் எண்ணெய் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாம் செய்தேன். கண்ணாடிக்குச் சமையலறை வாசனை வந்தது, கீறல் போகவில்லை. ஆடி பிறந்து காற்று எழுந்தது. அந்த மாதத்தில் எங்கள் பக்கத்துப் புழுதி தரையில் இருப்பதை விட ஆகாயத்தில் அதிகம் இருக்கும். தீபாவளி சீசன் ஆர்டர்கள் வேறு குவிந்து கிடந்தன. கண்ணாடியைப் போட்டால் எதிரே வருவது தெரியாது, கழற்றினால் கண்ணுக்கு ஆபத்து. இந்த நிலையில்தான் கல் தேய்க்கிறவரிடம் போனேன்.

அந்தக் காலத்தில் எங்கள் லேபிள்களின் படத்தை முதலில் வரைவது கல்லில். மேஜைப் பலகை மாதிரி கனத்த, வெளுத்த சுண்ணாம்புக் கல். ஒரு படம் அடித்து முடிந்ததும், அந்தக் கல்லில் மணலும் தண்ணீரும் விட்டு, இன்னொரு கல்லை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றி அரைத்து, பழைய படம் சுவடில்லாமல் போகும் வரை தேய்க்க வேண்டும். அதைச் செய்பவர் எங்களிடம் ஒருவர்தான். என்னை விடப் பத்து வயது மூத்தவர். நாள் பூராவும் முழங்கை வரை ஈரத்தில் இருப்பார். அவர் தேய்த்த கல்லில் விரலை ஓட்டினால் மேடு பள்ளம் ஒன்றும் தட்டுப்படாது. மனிதர்களிடம் அவருக்கு அத்தனை பொறுமை கிடையாது.

கண்ணாடியைக் காட்டினேன். நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"யாரு இப்படிக் கிறுக்கி வச்சது?"

"ஒருத்தர் அன்பா துடைச்சாரு."

"அன்பு முத்திப்போச்சு போல. வுட்டுட்டுப் போங்க. காலையில தாரேன்."

"கீறல் போயிருமாண்ணே?"

"சார், சாமி படத்தையே இல்லாம ஆக்குறேன். இது என்ன பெரிய கீறல்."

அன்று தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு, வலது கண்ணுக்கு முன்னால் கையைப் பிடித்தபடி, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்தேன்.

மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. காலையில் போனதும் முதலாளி ஒரு சுருளைக் கையில் கொடுத்தார். சாத்தூர் ரோட்டுப் பார்ட்டியின் பெரிய ஆர்டர், மயில் லேபிள். அவர்களுடைய மேனேஜர் மத்தியான ரயிலுக்கு மெட்ராஸ் போகிறார், போனால் பத்து நாள் ஆகும், அதற்குள் கையெழுத்து வாங்கி வாரும் என்றார். கல் தேய்க்கும் அறைக்கு ஓடினேன். அவர் கண்ணாடியைத் தொட்டித் தண்ணீரிலிருந்து எடுத்துச் சொட்டச் சொட்டக் காட்டினார்.

"இப்ப ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

தூக்கிப் பார்த்தேன். கீறல் இல்லை. அறையின் அந்தக் கோடியில் சுவரில் ஓடிய பல்லி தெரிந்தது. அவர் முகத்தில் பெருமை ஏதும் இல்லை, இதெல்லாம் ஒரு வேலையா என்பது போல அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

கல் தேய்க்கிறவர் இருபது வருடமாகக் கல்லை ஈரத்தில்தான் பார்த்திருக்கிறார். தேய்த்த கல்லைக் காயவைத்துப் பார்ப்பது வரைகிறவரின் வேலை. என் கண்ணாடியையும் அவர் கல்லைத் தேய்ப்பது போலவே தேய்த்திருந்தார். கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழும் என்பது அவர் தொழில் நியாயம். ஆகவே கீறலின் ஆழத்துக்கு முழுத் தகட்டையும், இடது வலது பார்க்காமல், உள்ளும் புறமும் மணல் போட்டு அரைத்துவிட்டார். அப்படி அரைத்த தகடு தண்ணீர் நிற்கும் வரை கண்ணாடியாக இருக்கும். காய்ந்தால் பால்.

இது எனக்கு அப்போது தெரியாது. ஊர் எல்லை தாண்டும் வரை உலகம் அழகாக இருந்தது. ரோடு முழுக்க இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடக்கிற கூட்டம். ராஜபாளையம் பக்கத்திலிருந்து இரவெல்லாம் நடந்து வந்தவர்கள், மஞ்சள் சேலை, வேப்பிலை, தலையில் மூட்டை. நான் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. முதலில் கண்ணாடியின் மேல் ஓரம் வெளுத்தது. புழுதியாக்கும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் வெளுப்பு கீழே இறங்கிவிட்டது. மரம், ரோடு, ஜனங்கள் எல்லாம் சலவைக்குப் போன மாதிரி கலைந்து, கடைசியில் மஞ்சளாக ஒரு கலங்கல் மட்டும் எதிரே ஆடியது. பிரேக்கை மிதித்துக்கொண்டே கண்ணாடியைத் தூக்கினேன்.

முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கரும்புத் தொட்டில் ஒன்று இருந்தது. இரண்டு கரும்பைச் சேர்த்துக் கட்டி, நடுவே சேலையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, பிள்ளை வரம் கிடைத்த தாயும் தகப்பனும் முன்னும் பின்னுமாகத் தோளில் சுமந்துகொண்டிருந்தார்கள். தொட்டிலுக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது விழிக்கவில்லை. மற்ற எல்லாரும் விழித்தார்கள்.

கூட வந்த வயதான அம்மாள் ஒருத்தி, தாயின் தாயாக இருக்க வேண்டும், என் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஒம்பது வருசம் கழிச்சுப் பெத்த பிள்ளைலே இது. எங்க குலத்துல மிச்சம் இருக்கறதே இந்த ஒண்ணுதான்."

"தெரியல ஆத்தா."

"தெரியலன்னா எதுக்குலே வண்டியில ஏறுன?"

மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் யோசித்துக்கொண்டு கண்ணாடி தூக்கிய முகத்தோடு நின்ற அந்த நேரத்தில், காற்று ஒரு கை புழுதியை அள்ளி நேராக என் வலது கண்ணில் போட்டது.

கசக்காதே, கசக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் கைப்பிடியில் இறுக்கிக்கொண்டேன். கண் மூடிவிட்டது. இடது கண்ணுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது, அதில் ஒரு நிழல் பேசியது.

"என்னலே, அழுகிறியா?"

"கண்ணுல மண்ணு ஆத்தா. இந்த ஒரு கண்ணுதான் எனக்கு."

பத்து வருடமாக முதலாளியிடம் சொல்லாததை, நடு ரோட்டில், பேர் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். நிழலின் குரலும் மரியாதையும் மாறிவிட்டன.

"கசக்காதீக ஐயா. ஏ, அந்தச் செம்பக் குடு. தாயிப்பாலு ரெண்டு சொட்டு விட்டாலும் கேக்கும். ஏத்தா, இங்கன வா."

"வேண்டாம் ஆத்தா, தண்ணியே போதும்" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்குக் கூச்சம் வந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இரண்டு கையையும் குவித்தேன். அவள் தண்ணீர் ஊற்றினாள். முகத்தை அதில் கவிழ்த்துக் கண்ணைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன். மூன்று செம்புத் தண்ணீர் போயிருக்கும். உறுத்தல் ஒரு ஓரமாக நகர்ந்து, போய்விட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் தலையை நிமிர்த்தப் பயமாக இருந்தது. நிமிர்ந்தால் என்ன தெரியும், உலகமா, வெறும் வெளிச்சமா? கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து, தரையில் நீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தேன். மஞ்சள் தெரிந்தது. அவள் சேலை. புது மஞ்சள் அல்ல, இரண்டு துவைப்புக் கண்டது, ஓரத்தில் காவி ஏறத் தொடங்கிய மஞ்சள். எங்கள் அச்சகத்தில் அந்த மஞ்சளைக் கொண்டுவர எலுமிச்சை மஞ்சளில் கடுகளவு சிவப்பு சேர்க்க வேண்டும். வண்டியின் மேலேயே சாய்ந்துகொண்டேன்.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியுது."

அதற்குப் பிறகு வண்டியில் ஏறவில்லை. கண்ணாடியைக் கீழே விட்டால் எந்தத் தொட்டிலில் மோதுவேனோ தெரியாது. மேலே விட்டால் அடுத்த கை புழுதி எப்போது வருமோ தெரியாது. தொப்பியைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினேன். கைக்குட்டையை முகத்தின் குறுக்கே கட்டி, கண்ணை இடுக்கி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இரண்டரை ஆள் கனமுள்ள பட்டாளத்து வண்டியைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஜனங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. தீச்சட்டி எடுப்பவர்கள், மாவிளக்கு எடுப்பவர்கள் நடுவில் மோட்டார் சைக்கிள் எடுப்பவன் ஒருவன்.

"நேத்திக்கடனா அண்ணே?" என்று ஒருவர் கேட்டார். விளக்கம் சொல்ல மூச்சு இல்லை. தலையை ஆட்டினேன்.

"எதுக்கு நேந்துக்கிட்டீக?"

"கண்ணுக்கு."

பக்கத்தில் வந்துகொண்டிருந்த அந்த அம்மாளுக்குத் திருப்தி. "அப்ப கண்மலர் வாங்கிச் சாத்துங்க. அவ கண்ணுக்குன்னே இருக்கறவ" என்றாள். வெள்ளித் தகட்டில் செய்த இரண்டு கண்களைக் கோயிலில் காணிக்கையாகப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு ஒன்று போட்டால் போதாதா என்ற யோசனை அந்தக் களைப்பிலும் ஓடியது.

பட்டாசு ஆபீஸ் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, மேனேஜர் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாட்ச்மேன் தொப்பியை வாங்கினார். பால் வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எம்புட்டுத் தூசி சார்" என்று சொல்லி, துண்டை எடுத்து, தன் பலம் முழுவதையும் காட்டித் துடைத்தார். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்தில்லாத மயிலோடு திரும்பி வந்து முதலாளி முன்னால் நின்றேன். நாலு மைலுக்கு அரை நாளா என்று ஆரம்பித்தவர், தொட்டில் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"பிள்ளை மேல பட்டுச்சா?"

"படல."

"ம்."

அந்த ஒரு ம் எனக்குப் போதவில்லை. இனிமேல் மறைக்கத் தெம்பும் இல்லை. "முதலாளி, எனக்கு இடது கண்ணு தெரியாது. அதனாலதான் வலப்பக்கக் கீறல் எனக்குப் பெரிசாப் போச்சு" என்றேன்.

அவர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டித் திறந்தார். "அது தெரியுமே."

"தெரியுமா?"

"நீரு சேந்த மூணாம் நாளே தெரியும். புரூஃப் பாக்கையில கோழி மாதிரி தலையச் சாய்ப்பீரு. நாங்க எல்லாரும் ரெண்டு கண்ணால பாத்து வுட்ட தப்ப நீரு ஒத்தக் கண்ணால புடிச்சீரு. அதான் வச்சிருக்கேன்."

"அப்ப இடது பக்கமாப் பாத்து ஓட்டுன்னு சொன்னீகளே."

"மாட்டினா அந்தக் கீறல் ஒம்ம நல்ல கண்ணுக்கு நேரா வரும்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? தகட்டக் கையிலதான பாத்தேன். நீரு வாயத் தொறந்து சொல்லணும்ல."

மதுரைக்கு எழுதிப் போட்டார். புதுக் கண்ணாடி வரும் வரை என்னைப் பஸ்ஸில் போகச் சொன்னார். மயில் ஆர்டர் பத்து நாள் கிடந்தது. அந்தப் பத்து நாளும் அவர் என்னிடம் பேசியதில் நல்ல வார்த்தை குறைவு.

வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுக்கொண்டே என் சட்டைக் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காலர் மடிப்பு நைந்தால், பிரித்து, திருப்பி வைத்துத் தைப்பாள். இன்னொரு வருடம் ஓடும்.

"ஏங்க, கீறல் வலது பக்கந்தான இருந்துச்சு?"

"ஆமா."

"மூணு பொத்தானையும் பிரிச்சுத் தகட்ட உள்பக்கம் வெளியே வர்ற மாதிரித் திருப்பி மாட்டியிருந்தா, கீறல் இடது பக்கத்துக்குப் போயிருக்கும்ல? ஒங்களுக்குத்தான் அந்தப் பக்கம் வேண்டாமே."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் பல்பொடியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த மனிதன் வேறு என்ன பார்ப்பது. பதினாறு புத்தக அலமாரி அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அதில் எந்தப் பக்கத்திலும் காலர் திருப்புவது எப்படி என்று போட்டிருக்கவில்லை.

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள். "கண்ணுக்காக வண்டி தள்ளுறேன்னு ரோட்டுல சொன்னீகளா?"

"மூச்சு வாங்கிச்சு. சும்மா தலைய ஆட்டுனேன்."

"சும்மாவோ எப்படியோ, சொன்னா சொன்னதுதான். பாதி வழியில நிப்பாட்டுனா என்ன அர்த்தம்?"

நம்பிக்கை பற்றி எனக்கு இருக்கும் கருத்துக்களை எடுத்துச் சொன்னேன். அவள் அவற்றை மதித்தாள். ஆனால் பத்து நாள் சோறு பிசைந்து கொடுத்தது அந்தக் கருத்துக்கள் அல்ல, அவள். பிறகு என் சார்பில் மாரியம்மனோடு அவளே பேசி முடித்தாள். சாத்தூர் ரோடு முழுக்கத் தள்ள வேண்டியதில்லை. வைப்பாற்றின் இந்தக் கரையிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் தள்ளினால் போதும். கண்மலர் அவள் வாங்கி வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். அவள் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அங்கே கல் தேய்க்கிறவர் நின்றுகொண்டிருந்தார். ஈரமில்லாத அவர் கைகளை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். வெளுத்துச் சுருங்கி, வேறு யாருடைய கையோ போல இருந்தன.

"தொட்டில் கதையக் கேட்டேன்" என்றார். வண்டியின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் சக்கரம் பாதி புதைந்தது. நான் ஹேண்டிலைப் பிடித்து இழுக்க, அவர் பின்னாலிருந்து தள்ளினார். மனைவி கண்மலரை முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் நடந்தாள். நடு ஆற்றில் மூச்சு வாங்க நின்றபோது அவர் கேட்டார்:

"அந்தக் கண்ணாடியக் குடுங்க சார், மாவு மாதிரி மணலு இருக்கு, நைசா பாலிஷ் போட்டுத் தாரேன்."

"வேண்டாம்ணே" என்றேன். அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கே ஆச்சரியம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து மறுபடியும் தள்ளத் தொடங்கினார்.

புதுக் கண்ணாடி புரட்டாசியில் வந்தது. மாட்டிக்கொண்டு முதலில் போன இடம் சாத்தூர் ரோட்டு ஆபீஸ். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் விட்டேன். வாட்ச்மேன் தொப்பியை வாங்கினார். இடது கையில் ஏந்தினார். வலது கை தோளில் கிடந்த துண்டுக்குப் போயிற்று.

"தொடைக்க வேண்டாம்ணே."

கை நின்றது. "தூசியா இருக்கே சார்."

"இருக்கட்டும்."

"ஏன், எந் துண்டு அழுக்காவா இருக்கு?"

இதற்குத்தான் மூன்று வருடம் பயந்தேன். தப்பிக்க நாலைந்து வழிகள் மனதில் வந்தன, எல்லாம் நாகரிகமான வழிகள். மறுபடி ஒரு முறை வண்டி தள்ள எனக்குத் தெம்பில்லை. டாக்டர் சொன்னதை, கண்ணை, கீறலை, துண்டில் இருக்கும் மணலை, தொட்டிலை எல்லாம் சொன்னேன். அவர் தொப்பியை ஏந்தியபடியே கேட்டார்.

"அப்ப இம்புட்டு நாளும் நாந்தான் கீறினேனா?"

இல்லை என்று சொல்லலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஆமாண்ணே."

அவர் துண்டை எடுத்து உதறி, மடித்து, மறு தோளில் போட்டுக்கொண்டார். தொப்பியை அதன் வாரைப் பிடித்துத் தூக்கி, வேப்பங்கொம்பில் மாட்டினார். அதற்கப்புறம் கோபுரம் தெரியுமென்றோ வேறு எதையோ அவர் என்னிடம் சொன்னதில்லை. போகும்போது கேட்டைத் திறப்பார், வரும்போது திறப்பார், முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொள்வார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தக் கஷ்டத்தோடேயே தீபாவளி வரைக்கும் போய் வந்தேன். வலது கண் ஒழுங்காக இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள், மழைக்கு முந்தின புழுதிக் காற்று. உள்ளே மேனேஜரிடம் நேரமாகிவிட்டது. தொப்பி என்ன ஆயிற்றோ என்று வெளியே ஓடி வந்தேன். கொம்பில் அது இல்லை. வாட்ச்மேனின் பெஞ்சு மேல் அவருடைய சாப்பாட்டு ஓலைப்பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, பறந்துவிடாமல் மேலே ஒரு செங்கல். தூக்கினேன். அடியில் தொப்பி இருந்தது. கண்ணாடியில் எதுவும் உரசாதபடி, முகத்தை மேலே பார்க்க வைத்து, சுற்றிலும் வேப்பிலை அணை கொடுத்திருந்தது. அவருடைய சோறு தூக்குவாளியில் தனியாக, மூடியில்லாமல், காற்றில் இருந்தது.

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் கேட்டைத் திறந்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.